விவாதப் போட்டிக்கு உதவி வேண்டும்: வேட்பாளரின் மதத்தையும் நாட்டுப்பற்றையும் துருவலாமா?

கொட்டகலை டீச்சர் (கேள்வி):

எல்லோருக்கும் வணக்கம். இலங்கை மலையகத்தில் கொட்டகலைப் பக்கம் ஒரு பாடசாலையில் வரலாறும் குடியியலும் சொல்லிக் கொடுக்கிறேன். அடுத்த மாதம் வலய மட்ட விவாதப் போட்டி. தலைப்பு இதுதான்: "உயர் பதவிக்கு வருபவரின் மதத்தையும் நாட்டுப்பற்றையும் துருவிக் கேட்பது மக்களின் உரிமை." சீட்டெடுத்ததில் எங்கள் பிள்ளைகளுக்கு விழுந்தது சார்பான பக்கம். எதிர்ப்பக்கம் விழுந்திருந்தால் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பேசுவேன். இப்போது ஒரு வாரமாக வெறும் தாளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

இன்னொரு நிபந்தனையும் இருக்கிறது. உள்ளூர் அரசியல்வாதி யாருடைய பெயரும் வரக்கூடாது. அதனால் பிள்ளைகள் அமெரிக்க உப ஜனாதிபதி வேட்பாளர்களை எடுத்துக்கொண்டார்கள். நம் நாட்டில் அப்படி ஒரு பதவியே கிடையாது, யாருக்கும் நோகாது என்பது அவர்கள் கணக்கு. கெட்டிக்காரப் பிள்ளைகள்தான்.

சிக்கல் எங்கே வந்தது என்று சொல்கிறேன். முதலில் கமலா ஹாரிஸை எடுத்தோம். 2020 ஆகஸ்டில் பைடன் அவரை உப ஜனாதிபதி வேட்பாளராக அறிவித்த கையோடு ஒரு சட்டப் பேராசிரியர் பத்திரிகையில் எழுதினார். கமலா பிறந்த நேரத்தில் தாயும் தகப்பனும் அமெரிக்கப் பிரஜைகளாக இருந்தார்களா, இல்லையென்றால் இவர் போட்டியிடலாமா என்று கேட்டார். தாய் சியாமளா கோபாலன் இந்தியாவிலிருந்து மேற்படிப்புக்குப் போனவர். தகப்பன் ஜமேக்காக்காரர். கமலா பிறந்தது கலிபோர்னியாவில் ஓக்லண்டில். அந்த நாட்டில் மண்ணில் பிறந்தால் பிரஜை, அவ்வளவுதான். 1868இல் வந்த 14ஆவது திருத்தம் அப்படிச் சொல்கிறது. சான் பிரான்சிஸ்கோவில் சீனப் பெற்றோருக்குப் பிறந்த வோங் கிம் ஆர்க் என்பவரின் வழக்கில், 1898இல் அவர்களுடைய உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. பேராசிரியரின் சந்தேகம் எடுபடவில்லை.

இதைக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது பின்வாங்கிலிருந்து ஒரு பிள்ளை கேட்டாள். அம்மா மலைக்குப் போய்க் கொழுந்தெடுக்கிறவர். "டீச்சர், அவங்க இங்க பொறந்திருந்தா?"

சோக்கைக் கீழே வைத்துவிட்டேன். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தை அன்றைக்கு நான் தொடுவதாகவே இல்லை. அது பதினோராம் வகுப்புப் பாடத்தில் இரண்டு வரி. ஆனால் கேட்டாயிற்று. அன்றைய சட்டப்படி இங்கே பிறந்தது போதாது. 1948 நவம்பர் 15க்கு முன் பிறந்தவர் என்றால் தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு பிறந்தவர் என்றால் தகப்பன் பிரஜையாக இருக்க வேண்டும். தாயைப் பற்றி அந்தச் சட்டத்துக்கு அன்றைக்கு அக்கறை இருக்கவில்லை.

வீட்டுக்கு வந்து திகதிகளைப் பார்த்தேன். கமலா பிறந்தது 1964 ஒக்டோபர் 20. ஓக்லண்டில் அந்தக் குழந்தைக்குப் பத்து நாள் ஆனபோது, ஒக்டோபர் 30ஆம் திகதி, இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும், நாடற்றவர்களாகிப்போன இந்திய வம்சாவளித் தோட்டத் தமிழர்களைப் பிரித்துக்கொள்ளக் கையெழுத்துப் போட்டார்கள். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மீதி 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். லயத்து வரிசை வீட்டுத் தூளிகளில் கிடந்த குழந்தைகளையும் சேர்த்துத்தான் பங்கு பிரித்தார்கள். அதில் ஒன்று என் அம்மா. அப்போது மூன்று மாதம்.

சரி, அழுது முடித்துவிட்டு கமலாவையே எதிர்ப்பக்கத்துக்குக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். மறுநாள் இன்னொரு பையன் வேறொரு செய்தியைக் கொண்டுவந்தான். 2024இல் அதே கமலா ஜனாதிபதி வேட்பாளராகித் தனக்கு ஓர் உப ஜனாதிபதி வேட்பாளரைத் தேடினார். பென்சில்வேனியா ஆளுநர் ஜோஷ் ஷபீரோவின் பெயரும் பட்டியலில் இருந்தது. அவர் யூதர். ஆட்களைச் சலித்தெடுத்த குழு அவரிடம், நீங்கள் எப்போதாவது இஸ்ரேல் அரசாங்கத்தின் முகவராக இருந்ததுண்டா என்று கேட்டதாம். அவரே பின்னால் தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார், மனம் புண்பட்டதாக. கடைசியில் வேட்பாளரானவர் டிம் வால்ஸ்.

தன் பிறப்பையே தோண்டிப் பார்த்த கைகளைக் கண்ட ஒருவரின் வாசலிலேயே இந்தக் கேள்வி எழுந்தது எப்படி? அல்லது கேட்டது சரிதானா? சார்பாகப் பேச ஆள் தயார் செய்ய வேண்டிய எனக்கே புரியவில்லை. மதத்தைக் கேட்கலாம், நாட்டுப்பற்றைக் கேட்கலாம் என்று நேர்மையாக வாதாட ஒரு வழி சொல்லுங்கள். "மக்களுக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும்" என்கிற பதில் வேண்டாம். அதைப் பிள்ளைகளே அழகான கையெழுத்தில் எழுதிவிட்டார்கள்.

கண்டிக் கச்சேரிக் கிளார்க்:

டீச்சர், நான் சட்டத்தரணி இல்லை. ஒரு சட்டத்தரணியின் கந்தோரில் இருபது வருடமாகக் கோப்பு தூக்குகிறவன். அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

தலைப்பில் "மக்களின்" என்று ஒரு சொல் இருக்கிறதே, உங்கள் பிள்ளைகள் அதைப் பிடித்துத் தொங்க வேண்டும். அமெரிக்க அரசியலமைப்பின் 6ஆவது உறுப்புரை, எந்த அரச பதவிக்கும் மதச் சோதனை வைக்கக்கூடாது என்கிறது. அது கட்டிப்போட்டது அரசாங்கத்தின் கையை. வாக்காளனின் வாயை அது கட்டவில்லை. அரசு கேட்டால் அது தடை, மக்கள் கேட்டால் அது பேச்சு. இந்தக் கோட்டை முதல் பேச்சாளர் முதல் நிமிடத்திலேயே போட்டுவிட்டால் எதிர்ப்பக்கத்தின் பாதிச் சரக்கு வீண்.

மதம் பற்றி நியாயமான கேள்வி ஒன்று வேண்டுமென்றால் ஜோ லீபர்மனை எடுங்கள். 2000ஆம் ஆண்டு அல் கோர் அவரை உப ஜனாதிபதி வேட்பாளராக்கினார். பெரிய கட்சி ஒன்றின் அந்த இடத்துக்கு வந்த முதல் யூதர் அவர், அதுவும் ஆசாரமானவர். வெள்ளி பொழுது சாய்ந்தால் சனி பொழுது சாயும்வரை ஓய்வுநாள். வாகனம் ஏறமாட்டார், பிரசாரம் செய்யமாட்டார். மக்கள் கேட்டார்கள்: சனிக்கிழமை யுத்தம் வந்தால் என்ன செய்வீர்? அவர் பிரசாரத்தையும் பொறுப்பையும் பிரித்துச் சொன்னார். ஓட்டுக் கேட்கப் போகமாட்டேன், நாட்டுக் கடமை என்றால் போவேன் என்றார். வாயால் சொன்னது மட்டும் இல்லை. செனட்டில் சனிக்கிழமை வாக்கெடுப்பு வந்த நாட்களில் நடந்தே போனவர். கேட்டார்கள், பதில் இருந்தது, முடிந்தது. அந்தக் கேள்வியில் எனக்கு ஒரு குற்றமும் தெரியவில்லை. நம் தோட்ட வைத்தியசாலைக்கு ஒரு டொக்டர் வந்து, வெள்ளிக்கிழமை விரதம், ஊசி போடமாட்டேன் என்றால் நாம் கேட்கமாட்டோமா?

இன்னும் ஒரு வேடிக்கை. மேடைதோறும் லீபர்மன் கடவுளைப் பற்றிப் பேசத் தொடங்கியதும், யூதருக்கு எதிரான அவதூறுகளைக் கண்காணிக்கும் யூத அமைப்பே, கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள் என்று அவருக்குக் கடிதம் எழுதியது. ஆக, மதத்தை மேடைக்குக் கொண்டுவருகிறவர் தானே கதவைத் திறந்துவிடுகிறார். அப்புறம் யாரும் உள்ளே எட்டிப் பார்க்கக்கூடாது என்று சொல்ல முடியாது. பிள்ளைகளுக்கு இது நல்ல வாதம்.

நாட்டுப்பற்றுக்கு நம் சட்டத்தையே காட்டலாம், பெயர் எதுவும் தேவையில்லை. இரட்டைப் பிரஜாவுரிமை உள்ளவர் பாராளுமன்றம் போகக்கூடாது என்று 2015இல் 19ஆவது திருத்தம் சொன்னது. 2020இல் 20ஆவது திருத்தம் அதை எடுத்துவிட்டது. 2022இல் 21ஆவது திருத்தம் திரும்பக் கொண்டுவந்தது. மூன்று முறை புரட்டிப் போட்டாலும் கேள்வி ஒன்றுதான், வேறு நாட்டின் கடவுச்சீட்டு உன் பையில் இருக்கிறதா. ஆம், இல்லை என்று பதில் சொல்லலாம். வேண்டாம் என்றால் துறந்துவிடலாம். தகப்பன் எங்கே பிறந்தான் என்பதை யாரால் துறக்க முடியும்?

ஷபீரோ விஷயத்தில் நான் எந்தப் பக்கம் என்று கேட்டால் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

பதுளைப் பையன்:

டீச்சர், கோபிக்காதீங்க, கொஞ்சம் அதிகமாக உருகுகிறீர்கள். போட்டியில் நடுவர் மார்க் போடுவது கண்ணீருக்கு இல்லை.

டிம் வால்ஸை எடுங்கள், அவர்தான் உங்களுக்கு அல்வா. தேசிய காவல் படையில் 24 வருடம் இருந்தவர். 2005இல் ஓய்வு பெற்றுக் காங்கிரஸுக்குப் போட்டியிட்டார். அவருடைய அணி பிறகு ஈராக்குக்குப் போனது. எதிர்க்கட்சி உப ஜனாதிபதி வேட்பாளர் ஜே.டி. வான்ஸ், இவரும் மரைன் படையில் ஈராக் போய் வந்தவர், ஆட்களை விட்டுவிட்டு ஓடினவர் என்றார். அது அரசியல், விடுங்கள். ஆனால் வால்ஸ் ஒரு தடவை, நான் யுத்தத்தில் ஏந்திய ஆயுதம் என்கிற மாதிரிப் பேசியிருந்தார். அவர் யுத்த முனைக்குப் போனதே இல்லை. தேடிப் பார்த்துப் பிடித்தார்கள், வாய் தவறிவிட்டது என்று அவர் பக்கம் ஒத்துக்கொண்டது. 1989 ஜூனில் சீனாவில் மாணவர் போராட்டத்தை இராணுவம் நசுக்கிய தியனன்மென் நேரத்தில் ஹொங்கொங்கில் இருந்தேன் என்று சொல்லி வந்தார். அவர் அந்தப் பக்கம் போனதே ஆகஸ்டில் என்று பழைய பத்திரிகையைத் தோண்டி எடுத்தார்கள். ஒக்டோபர் 1ஆம் திகதி தொலைக்காட்சி விவாதத்தில் அதைக் கேட்டபோது மனுசன் நெளிந்த நெளியல் இருக்கிறதே!

அவர் ஒரு வெள்ளைக்காரர், லூத்தரன் சபை, நெப்ராஸ்காவில் பிறந்தவர். பிறப்பில் யாரும் கை வைக்கவில்லை. அவர் வாயால் சொன்னதை எடுத்துச் சரிதானா என்று பார்த்தார்கள். இந்தத் துருவலை யார் தப்பு என்பார்கள்?

சாரா பேலின் 2008இல் உப ஜனாதிபதி வேட்பாளராக வந்தார். அவர் தேவாலயத்தில் ஒரு கென்யப் போதகர் அவர் தோளில் கை வைத்து, சூனியத்திலிருந்து காக்கும்படி ஜெபிக்கிற வீடியோ வெளியே வந்து ஊரே சிரித்தது. அதை நான் கணக்கில் எடுக்கமாட்டேன். நம் ஊரில் தேர்தலுக்கு முன்னால் கோடாங்கியிடம் போகாத வேட்பாளர் யாரைச் சொல்ல? ஆனால் அதே பேலினின் கணவர் ஏழு வருடம் அலாஸ்கா சுதந்திரக் கட்சியில் பதிவு செய்திருந்தார். அமெரிக்காவில் இருப்பதா பிரிவதா என்று வாக்கெடுப்புக் கேட்கிற கட்சி. நாட்டுப்பற்றுப் பற்றி மேடை மேடையாகப் பேசின அணிக்கு அந்தக் கேள்வி சரியான கேள்வி. மாகாணம் பிரிப்பது பற்றி நம்மில் ஒருவரின் புருஷன் ஒரு துண்டுப் பிரசுரம் வைத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அதை மட்டும் மேடையில் சொல்லவேண்டாம்.

மதம் மாறுவதையும் கேட்கலாம். வான்ஸ் 2019இல் கத்தோலிக்கராக ஞானஸ்நானம் பெற்றவர், மனைவி உஷா இந்து. அங்கே கேட்பவர்கள் கேட்கிறார்கள். 1931இல் டொனமூர் அரசியலமைப்பு எல்லோருக்கும் வாக்குரிமை கொடுத்த பிறகு பௌத்தரான நம் பெரிய வீட்டுக் கனவான்களுக்கு ஊரில் "டொனமூர் பௌத்தர்" என்று பெயரே இருந்தது. அன்றைக்கே கேட்டிருக்கிறார்கள். மாறினது சாமிக்கா ஓட்டுக்கா என்று கேட்பதில் என்ன தப்பு?

மஸ்கெலியா தாத்தா:

மகள், நான் ஓய்வு பெற்ற தோட்டத்துக் கணக்கு எழுதுனர். 1947இல் பிறந்தேன். எழுத்துப் பிழை இருந்தால் பேத்தி திருத்துவாள்.

மதத்தையும் நாட்டுப்பற்றையும் ஒரே மேசையில் வைத்து எங்கள் வீட்டாரிடம் கேட்டார்கள். அந்தக் கதையைச் சொல்கிறேன், வாதத்துக்கு உதவுமா தெரியாது.

நாங்கள் கத்தோலிக்கர். என் அப்பா 1920இல் இதே மஸ்கெலியாவில் லயத்தில் பிறந்தார். பிறப்புச் சான்றிதழ் எல்லாம் யாருக்கு இருந்தது? ஆனால் மலையடியில் இருந்த சிற்றாலயத்தில் ஞானஸ்நானம் கொடுத்த சாமி ஏட்டில் எழுதி வைத்திருந்தார். 1948 சட்டம் வந்தபோது அந்த ஏட்டைக் காட்டித்தான், தகப்பன் இங்கே பிறந்தவர் என்று நிரூபித்து, என்னை வம்சாவழிப் பிரஜை என்று ஒத்துக்கொண்டார்கள். அப்பாவை ஒத்துக்கொள்ளவில்லை. ஏனென்றால் அவருடைய அப்பா திருச்சிப் பக்கம் பிறந்தவர். ஒரே காம்பரா, ஒரே அடுப்பு. மகன் இலங்கைப் பிரஜை, தகப்பன் அந்நியன். பக்கத்துக் காம்பராவில் இருந்தவர்களும் அதே காலத்தில் வந்த குடும்பம்தான். அவர்களுக்குச் சாட்சி மாரியம்மன். மாரியம்மன் ஏடு வைத்திருக்கவில்லை. அந்த வீட்டு என் வயதுப் பையன் பின்னால் கப்பல் ஏறினான்.

இங்கே வசித்த இந்திய, பாகிஸ்தானியர் பிரஜாவுரிமை கேட்க வழிவைத்த 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அப்பா விண்ணப்பம் போட்டார். 800,000க்கு மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பம் போனது, கிடைத்தது ஏறத்தாழ 134,000 பேருக்கு. விசாரணைக்குக் கூப்பிட்டபோது அப்பாவோடு நானும் போனேன், எட்டோ ஒன்பதோ வயது. கேட்டது நன்றாக நினைவிருக்கிறது. இந்தியாவுக்குப் பணம் அனுப்பியதுண்டா? அப்பா பொய் சொல்லமாட்டார். ஆம் துரை, ஒரு தடவை, என் பாட்டி செத்துப்போன செலவுக்கு 20 ரூபாய் மணியோடர் என்றார். எழுதிக்கொண்டார்கள். சில மாதம் கழித்துக் கடிதம் வந்தது, இல்லை என்று. அந்த 20 ரூபாய்தான் காரணம் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. ஆனால் சாகும்வரை அப்பா அதைத்தான் நம்பினார். சிறிமா ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கைக்கே திரும்ப எழுதிப் போட்டு, எழுபதுகளில்தான் பத்திரம் வந்தது. இரண்டே இரண்டு தேர்தலில் ஓட்டுப் போட்டார்.

அந்த ஷபீரோ என்பவரிடம் கேட்ட கேள்வியைப் படித்தவுடனே எனக்கு மணியோடர்தான் ஞாபகம் வந்தது. கேட்கும்போதே பதில் அவர்கள் கையில் இருக்கிறது.

1971 கிளர்ச்சிக்கு முன்னால் இங்கே மக்கள் விடுதலை முன்னணி (ஜே.வி.பி.) இளைஞர்களுக்கு ஐந்து வகுப்பு எடுத்தது, அதில் ஒன்று இந்திய விஸ்தரிப்புவாதம். அதில் நாங்கள் இந்தியாவின் கையாட்கள். கொழுந்துக் கூடையோடு கையாள்! இன்றைக்கு அதே கட்சி முன்னின்ற கூட்டணியில், 2024 நவம்பரில், பதுளையிலும் நுவரெலியாவிலும் நம் மலையகத்துப் பெண்கள் பாராளுமன்றம் போனார்கள். காலம் மாறுகிறது, மாறவில்லை என்று நான் சொல்லமாட்டேன்.

கேட்கவே கூடாது என்றும் சொல்லமாட்டேன், பதுளைத் தம்பி சொல்வதில் விஷயம் இருக்கிறது. தொழிற்சங்கத்துக்கு முப்பது வருடம் சந்தா கட்டினேன். கணக்கைக் காட்டுங்கள் என்று ஒரு கூட்டத்தில் எழுந்து கேட்டதற்கு, நீ யார் ஆள் என்று திருப்பிக் கேட்டார்கள். கேட்க வேண்டியதைக் கேட்கவிடாமல் பண்ணுவதற்கும் அதே கேள்விதான் உதவுகிறது.

கோத்தகிரி சிலோன்காரன்:

தாத்தா சொன்ன அந்தக் கப்பல் ஏறின பையன் மாதிரி ஒருவரின் மகன் நான். நீலகிரியில் இருக்கிறேன். எங்களைப் போன்றவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் இங்கே அரசாங்கத் தேயிலைத் தோட்டம் 1968இல் தொடங்கினார்கள். அங்கே எங்களை இந்தியாக்காரன் என்றார்கள். இங்கே ஐம்பது வருடமாகச் சிலோன்காரன். என் கணக்குப் பெயரே அதுதான், பாருங்கள்.

ஒன்று மட்டும் சொல்லவேண்டும். கமலாவின் தாத்தா ஊர் துளசேந்திரபுரம், மன்னார்குடிப் பக்கம். 2020இல் அங்கே போஸ்டர் ஒட்டி, சாஸ்தா கோயிலில் அபிஷேகம் செய்து, 2021 ஜனவரியில் பதவியேற்றதும் வெடி போட்டார்கள். நாங்களும் டிவியில் பார்த்துக் கைதட்டினோம். வேட்பாளராக ஏற்றுக்கொண்ட பேச்சில் "சித்தி" என்று ஒரு சொல் சொன்னாரே, அன்றைக்கு எங்கள் லைனில் ஒரே கொண்டாட்டம். அவரோ சான் பிரான்சிஸ்கோவில் ஒரு பாப்டிஸ்ட் சபையின் அங்கத்தவர். சிறுவயதில் கோயிலுக்கும் போயிருக்கிறார், சபைக்கும் போயிருக்கிறார். பாப்டிஸ்ட் அம்மாவுக்குப் பாலாபிஷேகம் செய்தவர்கள் நாம்தான்.

நம் பொண்ணு, நம் பொண்ணு என்று நாம் கத்தினால், அங்கே சந்தேகப்படுகிறவனுக்கு அது எப்படிக் கேட்கும்? அவர்களே சொல்கிறார்கள் பார், இவள் அவர்கள் ஆள் என்றுதான் கேட்கும். அவரைத் துருவியவர்களில் பாதிப்பேர் வெறுப்பால் துருவினார்கள், நாம் பாசத்தால் துருவினோம். எந்த ஊர், எந்தச் சாதி, எந்தக் கோயில் என்று நாம் விட்டு வைத்தது என்ன? இதை உங்கள் பிள்ளைகள் எந்தப் பக்கத்துக்கு வைத்துக்கொள்வார்களோ தெரியாது.

கண்டிக் கச்சேரிக் கிளார்க்:

யோசித்துவிட்டு வருகிறேன் என்றேன். தாத்தாவின் மணியோடரைப் படித்த பிறகு யோசிக்க ஒன்றும் இல்லை. முகவரா என்ற கேள்வியை எல்லோருக்கும் அச்சடித்த தாளில் கொடுத்தால் அது நிர்வாகம். ஒருவரின் சாமியைப் பார்த்து அவருக்கென்று எடுத்து வைத்தால் அது 1949. ஷபீரோவிடம் எப்படிக் கேட்டார்கள் என்பதற்கு அவர் எழுதியதுதான் நம்மிடம் இருக்கிறது, அதனால் அதற்கு மேல் போகவில்லை.

பிள்ளைகளுக்கு ஒரு எச்சரிக்கை. மண்ணில் பிறந்தால் போதும் என்கிற சட்டத்தையும் எதிர்ப்பக்கம் தொடலாம். 2025 ஜனவரியில் பதவியேற்ற நாளே ட்ரம்ப் அதைக் குறுக்கி ஓர் உத்தரவு போட்டார். தாய் தற்காலிக விசாவில் இருந்து, தகப்பனும் பிரஜையோ நிரந்தர வதிவிடம் பெற்றவரோ இல்லையென்றால் பிள்ளைக்குக் கிடையாது என்கிறது அது. வழக்குகள் பாய்ந்தன, கீழ் நீதிமன்றங்கள் தடை போட்டன. படிக்க வந்தவர்களின் பிள்ளை என்றால் யார் ஞாபகத்துக்கு வருகிறார் என்று நான் சொல்லத் தேவையில்லை. அமெரிக்காவில் அந்தக் கேள்வி செத்துப்போனது என்று மேடையில் சொல்லிவிடாதீர்கள்.

கொட்டகலை டீச்சர்:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாளாகப் பதில் போடாததற்கு மன்னிக்கவும், இங்கே மழை, மின்சாரம் போய்ப் போய் வந்தது.

நேற்றுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து இப்படிப் பிரித்தோம். முதல் பேச்சாளருக்கு 6ஆவது உறுப்புரையும் "மக்களின்" என்ற சொல்லும். இரண்டாவது பேச்சாளருக்கு லீபர்மனின் சனிக்கிழமை. மூன்றாவது பையன் வால்ஸை விடவே மாட்டேன் என்கிறான், தியனன்மென் கதையை நடித்தே காட்டுகிறான். கொஞ்சம் அடக்க வேண்டும். கமலாவின் பிறப்பையும் ஷபீரோவிடம் கேட்டதையும் நாங்களே எடுத்து, இது துருவுதல் இல்லை, இதை நாங்கள் ஆதரிக்கவில்லை என்று முதலே ஒப்புக்கொள்ளப் போகிறோம். சொன்னதையும் செய்ததையும் கேள், பிறந்ததைக் கேட்காதே. சார்பான பக்கத்தில் நின்றுகொண்டே இதைச் சொல்ல முடியும் என்று எனக்கு ஒரு வாரத்துக்கு முன் தோன்றவில்லை. பக்கத்து வகுப்பு டீச்சர், இது பாதி வாதத்தை எதிராளிக்கே தட்டில் வைத்துக் கொடுப்பது என்கிறார். இருக்கலாம். தோற்றாலும் பரவாயில்லை என்று பிள்ளைகளிடம் சொல்லவில்லை, சொன்னால் உண்மையிலேயே தோற்றுவிடுவார்கள்.

பதுளைத் தம்பி, கண்ணீருக்கு மார்க் இல்லை என்றீர்கள், சரிதான். அம்மா கதையை எடுத்துவிட்டேன். ஆனால் அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். ஓக்லண்ட் எங்கே இருக்கிறது என்று கேட்டார். பிறகு, "அந்த அம்மாவுக்கும் என் வயசா?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

தாத்தாவிடம் ஒரு அனுமதி. பின்வாங்குப் பிள்ளைதான் இப்போது தொகுப்புரை பேசுகிறாள். மணியோடரைக் கட்டாயம் சொல்லவேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். ஊர், பெயர் எதுவும் வராது. ஒரு மனிதர் தன் பாட்டியின் சாவுக்கு 20 ரூபாய் அனுப்பினார் என்று மட்டும். சொல்லலாமா?

மஸ்கெலியா தாத்தா:

சொல்லட்டும் மகள். ஆனால் 20 இல்லை, 15. நேற்று நாவலப்பிட்டியில் இருக்கிற என் அக்காவிடம் போனில் கேட்டேன். 15 தான், மிச்சம் ஐந்துக்கு எனக்குச் சட்டை எடுத்தாராம்.